கழுவிய நிலவறை

செப்டம்பர் 29

இன்று கொம்பு புதைத்தோம். பசுக்கொம்பில் சாணத்தை அடைத்து, மேட்டுத் திராட்சைத் தோட்டத்தின் மூலையில் குழி வெட்டி. வசந்தத்தில் எடுத்துக் கரைத்து மண்ணுக்கு உரமாகத் தெளிக்க. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரன் பஸ்தியான் வேடிக்கை பார்த்தான்.

“என்ன ஓதீல், வசந்தத்துல மாடு முளைக்குமா?”

என் தம்பி லொயிக்கும் சேர்ந்து சிரித்தான். தோட்டத்தில் பாதி அவனுடையது. மூன்று வருடமாகப் பூச்சிமருந்தும், சாற்றைப் புளிக்க வைக்கும் கடை ஈஸ்டும் இல்லாமல் என் போக்கில் விட்டிருக்கிறான். போன வருடத்து மது பாதி காடியாகிவிட்டது. “இந்த வருஷமும் கெட்டா பழையபடி மருந்தும் கடை ஈஸ்டும்தான் அக்கா” என்று சொல்லிவிட்டான்.

அக்டோபர் 6

அறுவடை முடிந்தது. ஆறு பீப்பாய் சாறு. நாக்கின் அடியில் எங்கள் மண்ணில் கிடக்கும் கரும்பலகைக் கல்லின் ருசி, மழை பட்ட வாசனையோடு.

அக்டோபர் 9

நுரைக்கும் சத்தம் கேட்கிறதா என்று பீப்பாயில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

பஸ்தியானின் நிலவறையில் நுரை பொங்கித் தரையில் வழிகிறதாம். என்னுடையது அசையவே இல்லை. இப்படியே கிடந்தால் கெட்டுப்போகும். பழமும் நல்ல பழம். பின் ஏன்?

அக்டோபர் 12

ஏன் என்று தெரிந்துவிட்டது.

ஆகஸ்டில் நிலவறைச் சுவரைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தேன். காடியாக்கிய பூதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று பயம். அம்மா காலத்திலிருந்து சுவரில் படிந்திருந்த பூசணமெல்லாம் போயிற்று. சாற்றை நுரைக்க வைக்கும் ஈஸ்டும் அதில்தானே வாழ்ந்தது? நானே என் கையால கொன்னுட்டேனே. லொயிக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்—

அக்டோபர் 13

சொல்லிவிட்டேன். லொயிக் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“மண்ணுல ஒரு புழுவக்கூட கொல்லக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தது நீதான?”

ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை அலமாரியில் வைத்தான். “ஞாயித்துக்கிழம வரைக்கும் பாரு. அப்புறம் இதக் கரைச்சு ஊத்திரு.”

ஊற்றினால் மது வரும். எந்த ஊரிலும் வருகிற மது. எங்கள் கல் அதில் இருக்காது.

அக்டோபர் 14

கடைசிப் பீப்பாயில் காடி வாடை. ஞாயிறுவரை பொறுக்க என்னால் முடியவில்லை. பாக்கெட்டை எடுக்கப் போனேன். அலமாரியில் இல்லை.

சமையலறையில் லொயிக் சூடான ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“பாக்கெட் எங்கடா?”

“இந்தா,” என்று ரொட்டியை நீட்டினான். “பாக்கெட் இதுக்குள்ளதான். நல்லா உப்பி வந்திருக்கு.”

அழுதுவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் அடுப்போரம் இருந்த வாளியின் துணியை விலக்கினான். உள்ளே மிதித்த திராட்சை, கொசகொசவென்று நுரைத்துக்கொண்டிருந்தது.

“பறிக்கறப்ப விட்டுப்போன கொத்துங்க. நம்ம மேட்டுத் தோட்டம்தான். அடுப்புச் சூட்டுல தோல்ல இருந்த ஈஸ்ட் முழிச்சிருச்சு. பீப்பாய்ல சத்தம் இல்லன்னு உனக்கு மட்டுமா தெரியும்? காது எனக்கும் இருக்கு.”

“அப்ப பாக்கெட் எதுக்கு வாங்கின?”

“எனக்கும் பயமா இருந்துச்சு.”

வாளியை ஐந்து பீப்பாய்க்குப் பிரித்து ஊற்றினோம். காடி வாடை அடித்த ஆறாவதைத் தொடவில்லை. இதுவும் பலிக்காவிட்டால், இன்னொரு பாக்கெட் வாங்குவதற்குள் எல்லாம் காடியாகிவிடும்.

அக்டோபர் 15

ஒன்றுமில்லை.

அக்டோபர் 17

இரண்டாம் பீப்பாயில் சத்தம். மெல்லிய சத்தம், ஆனால் சத்தம். லொயிக்கைக் கூப்பிடப் போனேன். அவன் அதற்குள் நான்காவதில் காதை வைத்துக் குனிந்திருந்தான்.

நவம்பர் 3

ஆறாவது காடியேதான். லொயிக் அதன்மேல் சாக்பீஸால் ‘சாலட்டில் ஊற்ற’ என்று எழுதினான்.

ஆகஸ்ட் 20

பஸ்தியான் போன வருட மதுவைக் குடித்துப் பார்த்தான். “கல்ல நக்கின மாதிரி இருக்கு,” என்றான். இன்னொரு கோப்பை கேட்டான்.

அறுவடை நெருங்குகிறது. காலையில் நிலவறையைத் திறந்தேன். வெள்ளைச் சுவரில், மூலையோரம், உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

சுவர் கழுவக் கொண்டுவந்த வெந்நீர் வாளியை வெளியிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.