பணவெடையும் வராகனெடையும்

கரமனை,
திங்கட்கிழமை.

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சாயும் நன்றாக இருக்க வேண்டுமென்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சாய்க்கு உன் பெரியப்பா அனுப்பிய உரமருந்துப் பொடியைக் குப்பையில் கொட்டு என்று போன மாசம் போனில் கத்தினேனே, காரணம் கேட்டாய், நான் சொல்லாமல் வைத்துவிட்டேன். இதைப் பேச வாயெடுத்தாலே எனக்குக் குமட்டுகிறது, அதனால்தான் எழுதித் தொலைக்கிறேன்.

பெரியப்பா தினமும் விடிந்ததும் நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பழைய வைத்தியப் புத்தகத்துக் குன்றிமணி, பணவெடை, வராகனெடை, பலம் எல்லாவற்றையும் கிராமாக மாற்றிப் போடுவார், உடனே ஆளுக்கு ஒரு கைகூப்பும் படம் போடுவார்கள், உனக்குத் தெரிந்ததுதான். நம் வீட்டு வேலைக்கு வருகிற பூமாரிக்குச் சில நாளாக வயிறு கல் மாதிரி இருந்தது. அவள் புருஷன் லிங்கம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை செய்கிறான், அவன் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தான். அன்றைக்கு டிபனுக்கு வந்திருந்த பெரியப்பா, இதுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி, ஒரே வேளையில் நான் சரி பண்ணுகிறேன் என்று பையிலிருந்து சிவதை வேர்ப்பொடியை எடுத்தார். வயிற்றை இளக்கும் பொடி அது. புத்தகத்தில் போட்டிருந்தது இரண்டு பணவெடை. ஒரு பணவெடை அரை கிராம்கூட இல்லை, ஆக மொத்தம் ஒரு கிராமுக்குள் முடிந்துவிடும். இந்த மனுஷர் பணவெடைக்குப் பதிலாக வராகனெடைக் கணக்கைப் போட்டார். வராகனெடை நாலு கிராமுக்கு மேல். என் அடுக்களைத் தராசில் எட்டு என்று காட்டிய பிறகும் இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். இத்தனையா என்று நான் கேட்டேன். “என் கணக்கு தப்பாது ஜெயா, நீ வெந்நீரைக் கொண்டா” என்றார். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மிச்சப் பொட்டலத்தைப் பெரியப்பா என் அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் பூமாரியின் பக்கத்து அறைக்காரி போன் பண்ணினாள். நானும் அப்பாவும் ஆட்டோ பிடித்து ஆற்றோரத்தில் வரிசையாக ஒற்றை அறைகளாக இருக்கும் அவர்கள் லைனுக்கு ஓடினோம். அங்கே எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். அதற்குப் போக முடியாமல் அவள் அறைத் தரையிலேயே அந்த அசிங்கத்தில் கிடந்தாள், ரத்தமும் போயிருந்தது. நான் பார்த்துவிட்டேனே என்று அந்த நிலையிலும் புடவையை இழுத்து மூடிக்கொள்ளப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், லிங்கமும் வேலையிடத்துச் சட்டையோடு வந்து சேர்ந்தான். ஷெமி என்று ஒரு சின்ன வயசு டாக்டர், எத்ர கிராம் கொடுத்து, நேரு பறயணம் என்று, எத்தனை கிராம் கொடுத்தது, உண்மையைச் சொல்லணும் என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஒரு கிராம்தான் கொடுத்தேன். பொட்டலத்தை எடுத்துண்டு போய் மறுபடியும் தின்னிருப்பா. இந்த ஜனங்களுக்கு அளவு தெரியுமா?” லிங்கம் பக்கத்தில் நிற்கிறான். அவன் மெதுவாக, “அவ அப்படி எடுக்க மாட்டாம்மா” என்றான், அவ்வளவுதான். எனக்கு அந்தப் போனைத் தொடவே கூசியது. எட்டு கிராமுக்கு மேல், என் தராசில், என் கண்ணெதிரே, மிச்சப் பொடி என் அலமாரியில் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கிட்னி அடிபட்டு டயாலிஸிஸ் வரைக்கும் போய்த்தான் பிழைத்தாள்.

பெரியப்பா ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. குரூப்பில் தான் போட்டிருந்த அந்தச் சிவதைக் கணக்கை அழித்துவிட்டு, வேலைக்காரர்கள் கையில் மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று புதிதாக ஒன்று போட்டார். அதற்கும் கைகூப்பினார்கள். இந்த வைத்தியச் சேவைக்காகத் தெரு சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. நான் காரியதரிசியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குடும்ப விஷயத்தை இங்கே கொண்டுவராதீங்கோ மாமி என்றார், பொன்னாடையும் போர்த்தியாயிற்று. தெருவில் எந்த முகத்தைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று பூமாரி லிங்கத்தோடு எங்களைப் பார்க்க வந்தாள். பாதியாக இளைத்திருக்கிறாள், சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக்கொண்டு, “என்னடி, தேவலையா? இனிமேலாவது சொன்ன அளவுக்கு மேல திங்காதே” என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரிங்கய்யா” என்றாள். செத்துப் பிழைத்தவள் வாயிலிருந்து அதை வரவழைத்தாரே. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து பெரியப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். “அவ திங்கலை அண்ணா. நீ கொடுத்தே. அதை அவகிட்ட சொல்லு, அப்புறம் காபி குடி” என்றார். அண்ணாவுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டாரே உன் அப்பா. பெரியப்பா என்னை முறைத்தார், பெண்டாட்டி பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா பூமாரியை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றாள். லிங்கம் தோளைப் பிடித்து அழுத்தின பிறகுதான் நுனியில் உட்கார்ந்தாள்.

உடம்பு தேறும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் நிற்காது என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் நானே தேய்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ கவலைப்படாதே. குழந்தைக்கு இருமல், வயிற்றுவலி எது வந்தாலும் அங்குள்ள டாக்டரிடம் காட்டு. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னோடு பேசி முடித்துவிடாமல் அப்பாவோடு கொஞ்சம் அதிகமாகப் பேசு. நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டாம், வேறு எதையாவது பேசு. நேற்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி