உள்ளேன் ஐயா என்று சொன்னது யார், மச்சான்?

என் அத்தை பெற்ற மகனே, மச்சானே, ஸ்பீக்கர் பாஸ்கரே,

நலமா என்று கேட்க மாட்டேன். கல்யாண மண்டபத்து ஈரத் தரையில் நின்றுகொண்டு வயரைத் தொட்டவனிடம் நலம் விசாரிப்பது அபத்தம். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன மாதம் நம்ம ஸ்கூலில் ஒன்று நடந்தது. அதைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி கேட்கணும். படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தை நன்றாக இருக்கிறாள். உன் மைக் செட்டை விற்க மாட்டேன் என்கிறாள். ஆம்ப்ளிஃபயரின் மேல் பழைய புடவையைப் போர்த்தி வைத்து, வெள்ளிக்கிழமையானால் விளக்கைத் துடைக்கிற மாதிரி அதையும் துடைக்கிறாள். நான் இன்னமும் கே.கே. நகரில் இன்வெர்ட்டர் சர்வீஸ்தான். ஸ்கூல் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்று நீ உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். "பாஸ்கரோட மாமா பையன்தானே, நீங்களே வந்துடுங்க" என்றார் எச்.எம். மேடம். மாமா பையன் என்பது எந்த ஊர்த் தகுதி என்று கேட்டேன். சிரித்தார். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

அந்தக் குழு உனக்குத் தெரிந்ததுதான். பெற்றோர் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நம்மைப் போல் எப்போதோ படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தருக்கும் அதில் இடமில்லை. நீ உறுப்பினராக இருந்தபோது சண்டை போட்டு ஜன்னல் வரைக்கும் வாங்கிக் கொடுத்தாய். கூட்டம் நடக்கும்போது மாணவர் பேரவைப் பிள்ளைகள் வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கலாம், பேசக் கூடாது. அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஜன்னலைத் தாண்டி ஓர் அங்குலம் கூட நகரவில்லை.

நம் காலத்துப் பேரவை ஞாபகம் இருக்கிறதா? இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் கூடும். வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பார்கள். "குடிநீர்த் தொட்டி சுத்தமாக உள்ளதா?" "உள்ளது, சபாநாயகர் அவர்களே." எட்டாம் வகுப்பில் நீதான் சபாநாயகர். வந்திருந்த அதிகாரிக்கு முன்னால் வசனத்தை விட்டுவிட்டு, "கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்ல, ஒருத்தன் உள்ள போனா ஒருத்தன் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கணும், இதுக்கு என்ன பதில்?" என்று கேட்டாய். தாழ்ப்பாள் வந்ததோ இல்லையோ, ஸ்பீக்கர் என்ற பெயர் வந்துவிட்டது. பின்னால் நீ மைக் செட் தொழிலுக்கே போனதும் அந்தப் பெயர் ரெட்டிப்பாகப் பொருந்திப் போனது.

அப்புறம் அந்த "உள்ளேன் ஐயா." வருகை எடுப்பது டீச்சராக இருந்தாலும் உனக்கு வாயில் வருவது ஐயாதான். "நான் உனக்கு ஐயாவாடா?" என்று எத்தனை கொட்டு வாங்கியிருப்பாய். நீ கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போன நாட்களில் உனக்குப் பதில் நான் குரல் கொடுப்பேன். டீச்சருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, உன் கரகரப்போடு, உன் தப்போடு, ஐயா என்றே சொல்லுவேன். பெரியவனான பிறகும் நீ விடவில்லை. எல்லோரும் மைக்கை ஊதி ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்கள். நீ ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "உள்ளேன் ஐயா" என்பாய். ஆண்டு விழாவில் அதற்கே பிள்ளைகள் கை தட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கட்டடத்தின் கடைசி அறையில் ஏழாம் வகுப்பு நடக்கிறது. நீ காசு வாங்காமல் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரில் மாட்டிக் கொடுத்தாயே, அதே அறை. அங்கே சத்தம் கேட்கிறது என்று பிள்ளைகள் பேரவையில் சொன்னார்கள். அடுத்த பேரவையிலும் சொன்னார்கள். மத்தியான வெயில் இறங்கும்போது தலைக்கு மேலே யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி, பிறகு பல் கடிக்கிற மாதிரி. வாத்தியார் ஒருவர், "செத்துப்போன மைக் அண்ணன் டெஸ்டிங் பண்றாரு போல" என்று தமாஷ் செய்தார். அவ்வளவுதான். மேலே என்ன என்று ஏறிப் பார்க்க யாரும் ஏணி எடுக்கவில்லை. சத்தத்துக்குப் பேய் என்று பெயர் வைத்ததோடு வேலை முடிந்துவிட்டது.

எச்.எம். மேடம் எனக்குப் போன் செய்தார். "பிள்ளைங்க பயப்படுதுங்க. அந்தப் பெட்டியக் கழட்டிட்டீங்கன்னா பிரச்சினை முடிஞ்சிடும். கூட்டத்துல முடிச்சிட்டதா எழுதிடறேன்."

சனிக்கிழமை மத்தியானம் போனேன். பேரவையின் இப்போதைய சபாநாயகர் யாழினி சாவி எடுத்து வந்தாள். ஏழாம் வகுப்பு, ரெட்டைச் சடை, பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். நான் கேட்டேன்: "ஏம்மா, பேய் இருக்குன்னு நீங்கதான் கெளப்பி விட்டீங்களா?"

"நாங்க பேய்னு சொல்லவே இல்லண்ணா. சத்தம்னுதான் சொன்னோம். பேய்னு சொன்னது சார்தான்."

"அப்ப பயம்னு சொன்னது?"

"பயமாத்தான் இருக்கு. மேல இருந்து மண்ணு கொட்டுது, பாருங்க." தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினாள். வகிட்டில் சுண்ணாம்புத் தூள்.

பெட்டியின் வயரை ஸ்கூல் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் ஒரு குணம் உண்டு, உனக்குத் தெரியும். வயரை மாற்றிக் கொடுத்தால் அதுவே மைக்காகவும் வேலை செய்யும். பேசுகிற அதே காகிதக் கூம்புதான் கேட்கவும் செய்யும். உன் பெட்டியைச் சுவரோடு ஒட்டியபடியே விட்டு, வயரைத் திருப்பி ஆம்ப்பின் உள்ளீட்டில் கொடுத்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன், போனில் பதிவும் செய்துகொண்டேன்.

சுவருக்குள்ளே மணல் ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே உத்தரத்தின் பக்கம் 'டக்' என்று ஒரு முறிவு. நான் சிவில் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கூரை தன் பாரத்தை வேறெங்கோ மாற்றி வைக்கப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ள அந்தப் படிப்பு வேண்டியதில்லை. பிள்ளைகள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நகம், பல், எல்லாம் சரி.

அப்புறம் இன்னொன்றும் கேட்டது. இரண்டு முறிவுகளுக்கு நடுவில் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கிற மூச்சு. ஒருவன் மைக்குக்கு முன்னால் வந்து நின்று, பேச வாயெடுப்பதற்கு முன்னால் இழுப்பானே, அது. நான் காத்திருந்தேன். பேச்சு வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி யாழினியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "எங்களுக்குத் தினமும் கேக்குதுண்ணா, நீங்க கேளுங்க" என்றாள்.

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். மேஜை மேல் வைத்தேன். வயர் இரண்டும் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே யாழினியும் இன்னும் சில பிள்ளைகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாகக் கையெழுத்தோடு சரி. அன்று தலைவி செல்வி அக்கா, அதுதான் உறையூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற அந்த அம்மா, "யாரு வந்திருக்கா, யாரு வரலன்னு சத்தமா வாசிங்க மேடம். கையெழுத்து மட்டும் ஊருக்கே இருக்கு, ஆளக் காணும்" என்றார். மேடம் வாசித்தார். பழைய தாளையே திரும்பத் திரும்பப் பிரிண்ட் எடுக்கிறார்கள், என் பெயரைக் கடைசியில் பேனாவால் சேர்த்திருந்தார்கள். உன் பெயரை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. "வந்திருக்கேங்க", "இருக்கேன் மேடம்" என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. மேடம் தலை நிமிராமல், "பாஸ்கர்" என்றார்.

"உள்ளேன் ஐயா."

மச்சான், அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மேடத்தின் கையில் பேனா அப்படியே நின்றது. எல்லோரும் பார்த்தது மேஜை மேலிருந்த பெட்டியை. காந்தம், கம்பிச் சுருள், காகிதம், அதற்குள் வேறொன்றும் கிடையாது. மின்சாரம் கிடையாது. அது பேச முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அதைத்தான் அன்று சொல்லவும் வாயெடுத்தேன். என் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

அந்த அமைதியில்தான் யாழினி ஜன்னலிலிருந்து பேசினாள். "மேடம், மேல இருந்து மண்ணு கொட்டுது. நாங்க சொல்லிட்டே இருக்கோம்."

"யாழினி, பெரியவங்க பேசறப்போ..." என்று மேடம் ஆரம்பித்தார். குரலில் பாதிதான் இருந்தது.

"எங்க பேசறோம், வாயடைச்சுல்ல உக்காந்திருக்கோம்!" என்றார் செல்வி அக்கா. "அந்த ரூம்ல உக்காருறது நீங்களா, நானா? அவதானே? உள்ள வந்து பேசும்மா."

யாழினி உள்ளே வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வகிட்டைக் காட்டினாள். நான் பதிவு செய்திருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். மூச்சு வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அன்றே அறையைப் பூட்டித் தீர்மானம் எழுதினார்கள். வகுப்பு ஆய்வுக்கூடத்துக்கு மாறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும்போது, உத்தரத்தோடு கூரையின் ஒரு பக்கம் காலி பெஞ்சுகளின் மேல் இறங்கியது. யாழினி உட்காரும் பெஞ்ச் எது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே காட்டினாள்.

எல்லோரும் இப்போது உன்னைக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றினானாம் மைக் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரோடிருக்கிற ஒரு வகுப்பே திரும்பத் திரும்பச் சொன்னபோது நகராதவர்கள், செத்தவன் ஒரே ஒரு தடவை சொன்னதும் நகர்ந்தார்கள். இதில் பேய்க்கதை எது? சுவருக்குள் கேட்ட மூச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை. மண் உதிர்ந்த தலைகளைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்களே, அதை நினைத்தால்தான் இன்னும் முதுகு சில்லிடுகிறது.

இப்போது கேள்வி. சொன்னது யார்? பெட்டியிலிருந்துதான் வந்தது என்று செல்வி அக்கா சத்தியம் செய்கிறார். யாருடைய போனோ என்கிறார் மேடம். எனக்கு ஒரு விளக்கம் இருக்கிறது: பழக்கதோஷம். உன் பெயரைக் கூப்பிட்டதும் எட்டாம் வகுப்பு வாய் தானாகத் திறந்துவிட்டது. நல்ல விளக்கம்தான். சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை என்பது மட்டும்தான் இடிக்கிறது.

யாழினியிடம் கேட்டேன். "நீங்கதாண்ணா வாயைத் தெறந்தீங்க. நான் நேரா உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்ப நான்தான் சொல்லியிருக்கேன். முடிஞ்சுது."

"வாய் உங்களுதுதான்," என்றாள். பையை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரல் உங்களுது இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அதன் பிறகு நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். நீ பதில் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்றும் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளில் உன் பெயரை நானே அடிப்பேன். அடித்த இடத்தில் யாழினி பெயரை எழுதச் சொல்லுவேன். எழுத வேண்டும், நாற்காலி போட வேண்டும், கை தூக்கினால் எண்ண வேண்டும். சட்டத்தில் இடமில்லை என்பார்கள். இல்லையென்றால் என் நாற்காலியைக் காலி செய்துவிட்டு நான் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கிறேன். அவள் உள்ளே உட்காரும் வரைக்கும் வீட்டுக்குப் போக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. பெயர் வாசிக்கும்போது அவளே தன் குரலில் சொல்லிக்கொள்வாள். அன்றைக்கு நானும் வாயைத் திறக்க மாட்டேன், நீயும் திறக்கக் கூடாது. உன் பெட்டியைக் கூட்டம் நடக்கிற அறையின் சுவரில் மாட்டியிருப்பேன். கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

உன் மாமன் மகன்,
இனிமேல் யாருக்காகவும் உள்ளேன் சொல்லாத
கார்த்தி