உன் பாலைக் குடித்தவன்

என் செல்ல அஞ்சலாவுக்கு,

நீ போனபோது உனக்கு ஒரு வார்த்தைகூடப் பேச வராது. கைக்குழந்தைக்குக் கடிதமா என்று உன் அப்பா கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் உன்னைப் பற்றி வேறு யாரிடம் பேச முடிகிறது? அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

இந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. கச்சேரி ரோட்டில் பாதி வீடுகளில் பூட்டு. உன் அப்பாவுக்கு டிராம் வண்டியில் கண்டக்டர் உத்தியோகம், வண்டி ஓடுகிற வரைக்கும் நகரக் கூடாது என்றுவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் உனக்குக் காய்ச்சல் கண்டது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு லஸ் பக்கமெல்லாம் அலைந்தேன். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். அடுத்தவர் வீட்டிலும் பூட்டு. கடைசியில் ஒருவர் அகப்பட்டார். உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேட்டா கொண்டு வந்திருக்கியேம்மா" என்றார். நானா லேட்? விடிந்ததிலிருந்து தெருவில்தானே நின்றேன், கண்ணு?

ஞானஸ்நானம் வாங்கின குழந்தை நேரே மோட்சத்துக்குப் போய்விடும், வானதூதனாகிவிட்ட சம்மனசுக்காக யாரும் அழக் கூடாது என்று உன் அத்தை என் வாயைப் பொத்தினாள். அடக்கத்துக்குச் சாமியார் கறுப்புக்குப் பதில் வெள்ளை உடுப்பில் வந்தார். கோயிலில் துக்க மணிகூட அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் தூளியை அவிழ்த்து மடித்துப் பரணில் போட்டார்கள். அன்றோடு உன் பேரும் பரணுக்குப் போயிற்று. யாரும் சொல்வதில்லை. சொன்னால் நான் உடைந்துபோவேனாம். சொல்லாவிட்டால் மட்டும் முழுசாக இருக்கிறேனா?

நீ போன சங்கதி என் மாருக்குத் தெரியவில்லை. பால் கட்டிக் கல்லாகிவிட்டது. அதை வற்றவைக்க அத்தை கபாலி கோயில் குளத்தங்கரையில் மல்லிகைப் பூ வாங்கிவந்து, மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். எல்லாரும் தலையில் வைக்கிற பூ. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை குமட்டுகிறது.

நம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் தையற்காரர் காசிம் பாய் வீடு. அவர் சம்சாரம் பிரசவக் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். பிறந்த பிள்ளை பசுவின் பாலை வைத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் கக்கினான். யுத்த காலத்தில் டப்பாப் பால் எங்கே கிடைக்கிறது? அவன் பகல் முழுக்க அழுதான். அழ அழக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்கு என் பால் பூவையும் துணியையும் நனைத்துக்கொண்டு வழிந்தது. இரக்கப்பட்டுப் போனேன் என்று எழுத எனக்கு வாய் கூசுகிறது. அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டை அவிழ்த்தேன்.

"எங்கேடி போறே? அவங்க மதம் வேற, நம்ம மதம் வேற!" என்று அத்தை கத்தினாள்.

"பசிக்கு எந்தக் கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு நான் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

காசிம் பாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "ஆட்டுப் பாலும் குட்த்துப் பாத்துட்டேம்மா, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கை காலெல்லாம் சில்லுனு கீது" என்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். என் ரவிக்கையின் ஈரத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே போய், கதவைச் சாத்தி, வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு, ஹமீதுக்கு, முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. நான் பீய்ச்சிப் பீய்ச்சி நாக்கில் விட்டேன். பிறகு கவ்விக்கொண்டான். அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது, அஞ்சலா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னைப் புதைத்த மண் காயவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது! உனக்கு ஊறிய பாலை இன்னொரு பிள்ளைக்கு ஊட்டிவிட்டுச் சிரித்தேன். நீ பார்த்தாயா? கோபித்துக்கொண்டாயா?

அன்றிலிருந்து தினமும் போனேன். அவன் கன்னம் உப்ப உப்ப என் உயிர் கொஞ்சம் திரும்பும். வீட்டுக்கு வந்து தூளி தொங்கிய உத்தரத்தைப் பார்த்ததும் போய்விடும். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்த உன் அப்பா ஒரு கிலுகிலுப்பையை என் பக்கத்தில் வைத்தார். "அந்தப் பையனுக்கு" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவ அவ்வளவு நேரமா ஆகும்?

இப்போது ஐப்பசி மழை கொட்டுகிறது. ஹமீது உட்காருகிறான், குழைந்த சோற்றை மென்று துப்புகிறான், என் தாலியைப் பிடித்து இழுக்கிறான். ஆனால் ஊரில் ஆளில்லை, தைக்கத் துணியில்லை. காசிம் பாய் ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்துவிட்டார். நாளைக் காலை ஜட்கா வண்டி வருகிறது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் நான் என்ன செய்வேன், கண்ணு? உன்னையும் கொடுத்துவிட்டேன், இவனையும் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை ஒருத்தி வெறுங்கையோடு நிற்பது? இவனும் போய்விட்டால் நீ இருந்ததற்கு இந்த உலகத்தில் என்ன மிச்சம்?

இன்று காலை காசிம் பாய் முதல் தடவையாக நம் தெருவாசலுக்கு வந்தார். கையில் ஹமீது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதே. உன் பாப்பா பேரு இன்னா?"

அத்தை முன்னால் வந்து, "அதெல்லாம் இப்ப எதுக்கு, பாய்?" என்றாள்.

"எங்க மார்க்கத்துல பால் குட்த்தவ தாயிம்மா. அவ பெத்த புள்ளைங்க இவனுக்குக் கூடப் பொறந்தவங்க. நாளைக்கு வளந்து கேப்பான். அக்கா பேரு தெரியாம எப்டி வளக்கறது?"

அஞ்சலா என்றேன். அவர் காதில் விழவில்லையோ என்று மறுபடியும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அஞ்சலா!" என்றேன். அவர் பிள்ளையின் காதோரம் குனிந்து, "டேய், உன் அக்கா பேரு அஞ்சலா" என்று சொன்னார். சம்மனசுக்கு அழக் கூடாது என்று என் வாயைப் பொத்தினாளே உன் அத்தை, அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மத்தியானம் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பூ வாங்கப் பணம் எடுத்தாள், நாளையிலிருந்து மறுபடி பால் கட்டுமே என்று. வேண்டாம் என்றேன். மந்தைவெளி மருத்துவச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், தாயில்லாத பிள்ளை எந்த வீட்டில் அழுதாலும் என்னிடம் கொண்டுவரச் சொல்லி.

நாளை ஜட்கா தெருமுனையில் திரும்பி மறைந்ததும் நான் அழுவேன், தடுக்காதே. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பால் ஊறுகிற வரைக்கும் கொடுப்பேன். என் மடியில் குடிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் முதலில் உன் பேரைத்தான் சொல்வேன்.

உனக்கும் உன் தம்பி ஹமீதுக்கும்
அம்மா