சரி செய்யப்பட்டது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கத் துணிவில்லை. மூன்று வாரமாக நீ யார் போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

கடைசியாகப் பேசியபோது நீ அம்மாவிடம், "ஒன்ன நம்பித்தானே அவள விட்டுட்டு வெளியூர் வேலைக்கு வந்தேன், சாகக் குடுத்துட்டியேம்மா" என்றாய். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் மனைவி படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடக்கிறாள். அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெயில் தொடங்கியபோதே நம் தெருக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. சாக்கடை வாடை வேறு. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு என் மேசையில்தானே இருக்கிறது? தெருக்காரர்கள் மூன்று தடவை எழுதிவிட்டுப் போனார்கள். உன் மனைவி அன்று முதல் காய்ச்சிய தண்ணீரைத்தான் குடித்தாள். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து ஊற்ற அடுப்பு முன்னால் நிற்பாள்.

மாதக் கடைசியில் பொறியாளர் வந்து, "ஆள் அனுப்பிப் பாத்தாச்சும்மா. சரி செய்யப்பட்டதுன்னு எழுதுங்க, ரிப்போர்ட் போகணும்" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தெருவில் ஒரு கல்லைக்கூட யாரும் பெயர்த்திருக்கவில்லை. தினமும் அதே தெருவில் நடப்பவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வாரம் தண்ணீர் தெளிந்திருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "இனிமே அடுப்படியில வேகாத, கொழாய சரி பண்ணிட்டாங்க" என்று அவளிடம் சொன்னதும் நான்தான். பாவம், கால் வீங்கி நிற்கிறாளே என்று சொன்னேன். "எதுக்கும் பிரசவம் வரைக்கும் காய்ச்சியே குடிக்கட்டுமே" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல வேலை பாக்கறது நீயா, நானா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு மாதம் கழித்து வாந்தி தொடங்கியது. மசக்கை வழி தப்பி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று கேலி செய்தோம், அவளும் சிரித்தாள். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. அம்மா அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலையாம். "மத்தவங்களுக்கு வந்தா பெரும்பாலும் தானா போயிடும். நெறமாசத்த நெருங்கறவளுக்கு வந்தா ஈரலையே அழிச்சிடும்" என்றார் டாக்டரம்மா. எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று அவர் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கொழாத் தண்ணிதான்" என்று மட்டும் அம்மா சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன்னிடமும்தான்.

மறுநாள் அவளுக்கு நினைவு தடுமாறியது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் குழந்தை பிறந்தது. பெண். அழவே இல்லை. அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. அடுத்த நாள் மதியம் அவளும் போய்விட்டாள். கடைசிவரை அவள் கையைப் பிடித்திருந்தது அம்மா. நான் வராந்தாவில் இருந்தேன், உள்ளே போக முடியவில்லை.

இன்னும் நாலு வீட்டில் கண் மஞ்சளான பிறகுதான் தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. அன்றே பதிவேட்டில் என் வரியை அடித்துவிட்டு, "சரி செய்யப்படவில்லை, பார்க்காமல் எழுதினேன்" என்று எழுதினேன். பொறியாளர் சௌக்கியமாக இருக்கிறார். மெமோ எனக்குத்தான் வந்திருக்கிறது, பதிவேட்டைத் திருத்திய குற்றத்துக்காம்.

என்னை மன்னிக்க வேண்டாம். என் முகத்தில் முழிக்கவும் வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போடு. சாப்பிட்டியா என்று கேள், வேறொன்றும் பேச வேண்டாம். மணி அடித்தால் நான் வெளியே போய்விடுகிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

எழுதக் கை கூசினாலும்,
உன் அக்கா