எலெக்ட்ரானுக்குச் சுட்ட ரொட்டி

ஓருரோ, பொலிவியா
நவம்பர் 5

அன்பு மகள் லிசெத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், ரொட்டி அடுப்பும் சௌக்கியம். ஸ்பெயினில், பில்பாவோவில் நீயும் நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் சௌக்கியமாக இருக்க நம் சுரங்கத்து மாதாவை வேண்டிக்கொள்கிறேன். காற்றுதான் இந்த வருஷம் மோசம், கல்லறைத் தோட்டத்தில் ஒரு மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மாவுக்குப் படையல் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் வருஷம், கடைசிப் படையல். இனி அவளுக்கென்று தனியாக மேஜை போடுவதில்லை, சாப்பிட்டுவிட்டுப் போனவள் போனவள்தான். போனில் நீ சொன்னாயே, "என் பேர்ல ஒண்ணும் வைக்காதீங்கப்பா, என்னைப் பாத்தா அம்மா சாப்பிடாமலே எழுந்து போயிடுவா" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ படிப்பைப் பாதியில் விட்டு விமானம் ஏறிய அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டதும், அப்புறம் நீ கூப்பிட்ட போதெல்லாம் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனதும் எனக்குத் தெரியாதா, நடுவில் நின்றவன் நான்தானே. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதே உங்கள் இருவருக்கும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியது போதாதென்று சாப்பாட்டு மேஜையிலும் அவள் சொல்வாள், "நாங்க ரெண்டு பேரும் புரோட்டான், ஒரே மின்னூட்டம், கிட்ட வந்தா தள்ளத்தான் செய்யும். நடுவுல உங்கப்பா நியூட்ரான். பிளஸ்ஸும் இல்ல மைனஸும் இல்ல, கனமா உக்காந்திருக்காரு, அவ்வளவுதான். ஆனா அவரு இல்லேன்னா இந்த வீடு செதறிப் போயிடும்" என்று. ஹீலியத்துக்கே சாதாரணமாக நியூட்ரான் இரண்டு இருக்குமாம், நம் வீட்டில் ஒன்றுதான், அதனால்தான் இந்த ஆட்டம் ஆடுகிறது என்று சிரிப்பாள். நீயும் சிரிப்பாய். நீங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

படையலுக்கு வழக்கம் போல ரொட்டிக் குழந்தைகள், ஆவி ஏறி இறங்க ஏணி, அம்மா முகம் வைத்த பெரிய ரொட்டி எல்லாம் சுட்டேன். அம்மாவிடம் படித்த பிள்ளைகள் ஜெபம் சொல்ல வருவார்கள் அல்லவா, அவர்களில் யாமிலே என்ற பெண், இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், "டீச்சருக்கு ஒரு அணு சுட்டு வைங்க மாமா, ஹீலியம் போதும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சுட்டேன். சிவப்புச் சர்க்கரையில் கூட்டல் குறி போட்டு இரண்டு புரோட்டான், குறி இல்லாமல் இரண்டு நியூட்ரான், கழித்தல் குறி போட்டு இரண்டு எலெக்ட்ரான். ஒன்றுக்கொன்று வித்தியாசம் எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரே அளவில் உருட்டினேன். படையலில் ஆளுக்கொரு ரொட்டி என்றால் யாருக்கும் குறைத்து உருட்டக் கூடாது, அப்படித்தானே நமக்குப் பழக்கம். அன்று காலை அதைப் பார்த்ததும் யாமிலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது எலெக்ட்ரானா, சுமை தூக்குற லாமாவா மாமா? டீச்சர் இருந்தா உங்களுக்கு முட்டை மார்க்தான்." புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடையாம், எலெக்ட்ரான் அதில் ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்குகூட இல்லையாம். "இந்த ரொட்டி புரோட்டான்னா, எலெக்ட்ரானுக்குப் பத்துக் கினோவா மணி தாராளம். அதையும் மேஜைமேல வைக்கப்படாது, ரயிலடி தாண்டிக் கொண்டுபோய் வைக்கணும். நடுவுல மொத்தமும் வெறும் வெளிதான்" என்றாள். உன் ஹசிந்தா சித்தி சும்மா இருப்பாளா, "செத்தவ வருஷத்துக்கு ஒரு தடவ சாப்பிட வர்றா, அவள ரயிலடி வரைக்கும் நடக்க விடுறீங்களேடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

சிரித்தபடியே கேட்டேன், எடையும் இல்லை, பக்கத்திலும் இல்லை, அப்புறம் எதற்கு அதை அந்த அணுவோடு சேர்த்தி என்று. யாமிலே முகம் மாறிவிட்டது. "டீச்சர் கடைசி வருஷம் வகுப்புல இதையேதான் மாமா கேட்டாங்க. கேட்டுட்டு அவங்களே சொன்னாங்க. 'என் மகளும் என்னை மாதிரி புரோட்டான்னு நெனச்சுத் தள்ளிக்கிட்டே இருந்துட்டேன். அவ எலெக்ட்ரான். எங்கேயோ கண்காணாத தூரத்துல இருக்கா. ஆனா அவ மின்னூட்டம் என்னோடதுக்குச் சரிசமம், குறிதான் வேற. அது தள்ளாது, இழுக்கும்' அப்படின்னாங்க. சொல்லிட்டு கரும்பலகைப் பக்கமா திரும்பிக்கிட்டாங்க." லிசெத், முப்பது பிள்ளைகளிடம் சொல்லத் தெரிந்தது, உன்னிடம் சொல்ல அவளுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை. பாழாய்ப்போன வீம்பு. படையலுக்கு முன்னால் நின்று அவளைத் திட்டினேன், ஹசிந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ரொட்டி மேஜையில் தலையை வைத்து அழுதேன், ஆவி வரும் நாளில் அழக் கூடாது என்றார்கள், என்ன செய்வது.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். ஒரு கிள்ளுக் கினோவாவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, ஆவி இறங்கும் நண்பகலுக்கு முன்னால் ரயிலடி தாண்டி நடந்தேன். தண்டவாளம் சமவெளிக்குள் போகிறதே, அங்கே ஒரு கல்லுக்கடியில் உன் பேரைச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். காற்று கொண்டுபோயிருக்கும், இல்லை குருவி தின்றிருக்கும். அம்மா அந்த வழியாகத்தான் வந்திருப்பாள் என்று நம்புகிறேன். அவள் எழுந்து போகவில்லை மகளே. உன்னைத் தாண்டித்தான் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மேஜையைக் கலைத்து, ஜெபம் சொன்னவர்களுக்கு ரொட்டியைப் பங்கிட்டோம். குறியில்லாத ரொட்டியை எடுக்கும்போது, "இது நீங்க மாமா" என்றாள் யாமிலே, அம்மா அதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறாள் போல. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், நியூட்ரானைத் தனியாக வெளியே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று. "தனியாவா? கால் மணி நேரம் தாங்கினா பெருசு மாமா, உடைஞ்சிடும்" என்று சட்டென்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல பெண். போகும்போது ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் போனாள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஹசிந்தா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். அந்த அம்மாளுக்கு ஊட்டிவிட்டு நீ ஆறினதைத் தின்னாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், உன் அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதோ வந்து சேர வேண்டியது, தாமதமாக என் கையால் வருகிறது, வாங்கிக்கொள். அந்த நாட்டுக் குடியிருப்பு அனுமதிக் காகிதம் கிடைத்த அன்றே கிளம்பு, எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. மேலே முதல் வரியில் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறேன் பார், அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். படிக்கும்போது நீயே அடித்துக்கொள்.

உன் அப்பா,
செவெரோ