சீட்டில் கட்டிய தலையணை

என் கண்ணுக்கு,

நீ கொடுத்தனுப்பிய தலையணையைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் உன் தம்பி தந்தான். நான் முதன்முதலாக நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்குப் பழகுவதை, மலைமேல் இருந்தும் நினைத்திருக்கிறாய். எனக்கு அது போதும்.

நேற்று அதைச் சைக்கிள் சீட்டில் கட்டி ராசிபுரம் போய் வந்தேன். முன்னைப்போல் உட்கார்ந்த இடம் நோகவில்லை. சைக்கிள் கடைச் செங்கோடன், "ஏம்ப்பா, இது தொட்டில் தலகாணியாச்சே?" என்றான். நான் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

பிள்ளை போய்த் தொட்டிலை அவிழ்த்த நாளிலிருந்து அதை யாரையும் தொடவிடாதவள் நீ. உன் அம்மா ஊட்டுக்குப் போனபோதும் மடியில் வைத்துக்கொண்டுதான் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஜெயிக்காவிட்டாலும் முழுதும் ஓட்டிவிடுவேன். மறுநாளே மலையேறி வாரேன்.

பங்குனியில் இலவங்காய் வெடித்ததும் கொஞ்சம் பஞ்சு எடுத்து வை. நமக்குப் புதுத் தலையணை ஒன்று வேண்டும், சின்னதாக.

உன் ஊட்டுக்காரன்