பதினொன்றில் ஒரு குழாய்

தூத்துக்குடி
4-7-1946

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். ரங்கூனில் நீங்களும் சுகம் என்று கடிதந்தோறும் எழுதுகிறீர்கள். நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. பட்டாளத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதமா என்று கேப்டன் துரை கேட்கிறார், அக்டோபர் முடிவதற்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்திரண்டில் நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்ததை எனக்குச் சொன்னது, கையெழுத்துப் போட்டு மூன்று நாள் கழித்து. இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் எழுதியிருப்பது செய்தியா, கேள்வியா என்றுதான் விளங்கவில்லை.

இனி நம் லாரியின் சங்கதி. இசக்கியப்பன் அண்ணாச்சிதான் இன்னமும் ஓட்டுகிறார். செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் உப்பளத்திலிருந்து திருநெல்வேலிக்கு உப்பு போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக என்ஜின் முழுக்க எண்ணெய். நிறுத்தின இடத்தில் எல்லாம் தரை கறுத்துப் போகிறது. கண்ட்ரோல் காலத்தில் என்ஜின் ஆயிலுக்கு எங்கே போவது? இங்குள்ள மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, என்ஜினைக் கீழே இறக்கிப் பிரிக்கவேண்டும், பிரித்தாலும் இந்தப் பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

உங்கள் அண்ணன் வந்திருந்தார். "எம்மா கிருபை, அதப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா பள்ளிக்கூடத்துக்குப் போ. ஆள் நான் பாத்து வச்சிருக்கேன்" என்றார். உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லாரி ஓடினால் நீங்கள் ஊருக்கு வந்து செய்ய ஒரு தொழில் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
கிருபை


ரங்கூன்
25-7-1946

பிரியமுள்ள கிருபைக்கு வெள்ளத்துரை எழுதுவது.

உன் கடிதம் நனைந்து வந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. ஒர்க்ஷாப் கொட்டகையில் முழங்கால் அளவு சேறு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் சொல்வதுதான் சரி. முப்பத்தொன்பதில் நான் வாங்கும்போதே அந்த லாரிக்கு வயதாகிவிட்டது. கம்பெனிப் பெயர்த் தகடுகூட விழுந்து போயிருந்தது. அதற்கு இனிமேல் சீமையில்கூடச் சாமான் கிடைக்காது. அண்ணன் பார்த்திருக்கும் ஆளுக்கே கொடுத்துவிடு. நீ நாலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார். லாரி உனக்குத் தெரிந்த காரியம் இல்லை.

செய்தியா, கேள்வியா என்று கேட்டிருந்தாய். மறைக்கவில்லை, செய்திதான். யுத்தம் முடிந்து, என்னைப் போல வண்டி ரிப்பேர் பார்க்கும் பிட்டர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திரும்புகிறார்கள். இங்கே நான் ஹவில்தார். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி ஒர்க்ஷாப்பை விட்டு வெளியே போகாது. அங்கே வந்து நான் யார்? அண்ணன் ஜேசுபாதத்தின் தம்பி. அவ்வளவுதான்.

உன் அன்புள்ள,
வெள்ளத்துரை

பின்குறிப்பு: தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எண்ணெய் என்ஜினுக்கு முன்பக்கமா, பின்பக்கமா? நிற்கும்போது சொட்டுகிறதா, ஓடும்போது மட்டுமா? விற்றாகிவிட்டது என்றால் இதற்குப் பதில் எழுதவேண்டாம்.


தூத்துக்குடி
17-8-1946

பிரியமான அத்தானுக்கு,

பின்குறிப்புக்குப் பதில் எழுதுகிறேன். அப்படியென்றால் விற்கவில்லை என்று உங்களுக்கே விளங்கும்.

எண்ணெய் முன்பக்கம். ஓடும்போது மட்டும். நிறுத்தியபின் சொட்டுவது, ஏற்கெனவே தெறித்துக் கிடப்பது வழிவதுதான்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன சனிக்கிழமை நானும் இசக்கியப்பன் அண்ணாச்சியுமாக வெந்நீரில் சவுக்காரம் கரைத்து என்ஜினை முழுக்கத் தேய்த்துக் கழுவினோம். காய்ந்ததும், பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த துண்டுச் சாக்கட்டிகளைப் பொடித்துத் துணியில் முடிந்து, பிள்ளைக்குப் பவுடர் போடுவது மாதிரி என்ஜின் முழுக்க ஒற்றி எடுத்தேன். அண்ணாச்சி சிரித்தார். "டீச்சரம்மா, கலியாணத்துக்கா கூட்டிட்டுப் போறிய?" என்றார். எண்ணெய் கசியும் இடத்தில் வெள்ளை கறுக்கும் அல்லவா? என்ஜினைப் போட்டு ஐந்து நிமிடம் பார்த்தோம். முன்பக்கம் மொத்தமும் ஒரே சமயத்தில் பொட்டுப் பொட்டாகக் கறுத்தது. ஓரிடத்தில் கசிந்து வழிந்திருந்தால் கோடாக அல்லவா இருக்கும்? இது சாரல் அடித்தது போல இருந்தது. சாரலென்றால் காற்று எங்கிருந்தோ கொண்டுவருகிறது. காற்றடிக்க என்ஜினில் இருப்பது அந்த விசிறி ஒன்றுதான். விசிறி, முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்கிறது.

விசிறி பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். அண்ணாச்சிக்கு மனமில்லை. "சூடேறிரும்மா" என்றார். இரண்டே நிமிடம் என்று கெஞ்சினேன். மறுபடி கழுவி, மறுபடி சாக்குப் பொடி போட்டு, விசிறி இல்லாமல் ஓடவிட்டோம். அத்தான், என்ஜின் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது! ரேடியேட்டருக்கு முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி சிறு குழாய்கள் வரிசையாக இருக்கிறதே, அதில் ஒன்றின் அடியில் எண்ணெய் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அதற்குப் பெயர் ஆயில் கூலர் என்று அண்ணாச்சி சொன்னார். என்ஜினின் சூட்டு எண்ணெய் அதற்குள் போய்க் காற்றில் ஆறித் திரும்புமாம். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. அது கீழே இறங்கவும் வேண்டாம்.

கூலரைக் கழற்றிப் பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் பார்க்கும் காயல்பட்டினத்து ஹபீப் காக்காவிடம் கொண்டுபோனோம். ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பு வைத்து, அண்டாத் தண்ணீரில் முக்கினார். ஐந்தாவது குழாயிலிருந்து குமிழி வந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்.

உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். கோபமா?

கிருபை


ரங்கூன்
6-9-1946

பிரியமுள்ள கிருபைக்கு,

கோபம் இல்லை. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதினான்கு வருடமாக ஸ்பானர் பிடிக்கிறேன். விசிறி பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கும் யோசனை எனக்கு உடனே வந்திருக்குமா என்றால், வந்திருக்காது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஈயம் நிற்காது. விளக்கில் இருக்கும் அழுத்தம் வேறு, சூட்டு எண்ணெயின் அழுத்தம் வேறு. லாரி குலுங்கும். ஒரு நாள் பாரத்தோடு நடுரோட்டில் விட்டுப்போகும். எண்ணெய் முழுதும் கொட்டினது தெரியாமல் அண்ணாச்சி ஓட்டினால், என்ஜின் அங்கேயே இறுகிப்போகும். கூலரை விட்டுவிட்டு எண்ணெய்க்கு நேர்க்குழாய் போடலாம் என்றால், உப்புப் பாரத்துக்கும் அந்த வெயிலுக்கும் எண்ணெய் தண்ணீராக இளகிவிடும். புதுக் கூலருக்கு இந்தியா முழுக்கத் தேடினாலும் வழியில்லை.

நீ செய்தது கெட்டிக்காரத்தனம். அது போதும். கெட்ட பெயர் வருமுன் விற்றுவிடு. நான் அக்டோபர் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இரண்டு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

வெள்ளத்துரை


தூத்துக்குடி
5-10-1946

பிரியமான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே நீங்கள் எழுதியது நடந்துவிட்டது.

மழைக்கு முன் உப்பளத்து அம்பாரங்களை அள்ளியாக வேண்டும் என்று செந்தூர்பாண்டி அண்ணாச்சி தவித்துக்கொண்டிருந்தார். காலாண்டு லீவு விட்டிருந்தது. நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ரோட்டைப் பாருங்கள் என்று இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் சொன்னேன். திருநெல்வேலி ரோட்டில் நம் புதுக்கோட்டை தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். முள் தொங்கியது.

"நிறுத்துங்க அண்ணாச்சி!"

"முள்ளு ஆடுதது வழக்கந்தானம்மா."

"இது ஆடல. விழுந்துட்டு. நிறுத்துங்க!"

நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ரோட்டில் எண்ணெய்க் கோடு. ஈயம் பிய்ந்திருந்தது. என்ஜின் பிழைத்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "பொம்பள ஏறுன வண்டி வேற எப்பிடி ஓடும்?" என்றார். மாட்டுவண்டிக்காரர் இருவர் இரக்கப்பட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டு, நாலு மாட்டையும் லாரியில் பூட்டினார்கள். அண்ணாச்சி என்னிடம், "டீச்சரம்மா, நீங்க பஸ்ஸுல போயிருங்க. ஊரு பாக்கும்" என்றார்.

நான் போகவில்லை. முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஊருக்குள் நுழைந்து கடைத்தெரு வழியாக மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் பார்த்தார்கள். உங்கள் அண்ணன் கருப்பட்டிக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தலையைக் குனியவில்லை, அத்தான். வண்டி என்னுடையது. பழுதும் என்னுடையது. இதில் ஒளிய என்ன இருக்கிறது?

ஹபீப் காக்கா கூலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மறுபடியும் பத்தவைக்கலாம்மா, ஆனா பொறுப்பு சொல்லமாட்டேன்" என்றார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு குழாய்களை எண்ணினேன். பதினொன்று. எல்லாம் மேலே ஒரு பெட்டியிலும் கீழே ஒரு பெட்டியிலும்தான் திறக்கின்றன. ஒன்று இல்லாவிட்டால் எண்ணெய் மற்ற பத்தில் போகாதா? ஓட்டையை மூடுவதற்குப் பதில் அந்தக் குழாயையே இரண்டு முனையிலும் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். காக்கா கூலரை வாங்கித் தாமும் குழாய்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இது எனக்குத் தோணலையே" என்றார். ஐந்தாவது குழாயை அறுத்து எடுத்து, இரண்டு முனைக்கும் பித்தளை முளை அடித்து, பித்தளையே வைத்து உருக்கிப் பற்றவைத்தார்.

அறுத்து எடுத்த குழாயைக் கையில் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அது வெடிக்கவில்லை, தேய்ந்திருந்தது. கூலரைத் தாங்கும் இரும்புத் தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒடிந்து, அதன் முனை குலுங்கும்போதெல்லாம் குழாயை உரசியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இன்னும் பத்துத் தரம் அடைத்தாலும் அடுத்த குழாய் தேயும். கொல்லரிடம் புதுத் தகடு அடித்து வாங்கி, இடையில் செருப்புத் தோலைப் பட்டையாக வெட்டி வைத்து முடுக்கினோம்.

அன்றிலிருந்து பதினாறு நடை போய் வந்தாகிவிட்டது. முதல் ஐந்துக்கு நானும் போனேன். முள் அசையவில்லை. என்ஜினில் போட்ட சாக்குப் பொடி இன்னும் வெள்ளையாக இருக்கிறது. செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் கடைசி அம்பாரத்தை ஏற்றி முடித்த மறுநாள் மழை இறங்கியது. அவர் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, "டீச்சர், வார வருசமும் நம்ம உப்பு உங்க லாரியிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று உங்கள் அண்ணன் வந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எம்மா கிருபை, திங்கக்கிழம எங் கருப்பட்டி மூடைய ஏத்திக்கிட முடியுமா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே பார்க்கவேண்டியிருந்தது. திங்களுக்கு வேறு சரக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கு ஏற்றலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இனிக் கையெழுத்து உங்கள் இஷ்டம். போடவேண்டாம் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் ஊரில் தொழில் இல்லை என்று எழுதிப் போடாதீர்கள், அது பொய்யாகிவிடும்.

கிருபை


ரங்கூன்
26-10-1946

என் பிரியமுள்ள கிருபைக்கு,

உன் கடிதத்தை ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். மதுரைக்காரன் இருக்கிறான், மலையாளத்தார் இருக்கிறார்கள், பஞ்சாபிக்காரன் ஒருவனுக்கு வரிக்கு வரி இந்துஸ்தானியில் சொன்னோம். மாடு இழுத்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். கேலி செய்வார்கள் என்று பார்த்தேன், ஒருவனும் செய்யவில்லை. கூலர் ஒழுகி மூலையில் தள்ளிப்போட்ட வண்டிகள் இங்கேயும் இருக்கின்றன. பஞ்சாபிக்காரன் எழுந்துபோய் ஒன்றின் தாங்குதகட்டைத் தட்டிப் பார்த்தான். கையோடு வந்துவிட்டது. இரண்டு குழாய்களை அடைத்தோம். நேற்று அது ஓடியது.

கேப்டன் துரை அந்த வண்டியைப் பார்த்துவிட்டு யார் யோசனை என்று கேட்டார். என் மனைவி என்றேன். எந்த ஒர்க்ஷாப்பில் வேலை என்றார். நாலாம் வகுப்பு டீச்சர் என்றேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு வருடத் தாளை என் முன்னால் வைத்தார். ஊருக்குப் போய் என்ன செய்வாய் என்று கேட்டார். லாரி இருக்கிறது, உப்புக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன். கையெழுத்துக் கேட்காமலே தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நான் இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன், கிருபை. அதே நேரத்தில் நீ, ஊர் முழுக்கப் பார்க்க, பழுதான வண்டியின் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். நாலு வருடத்தில் என்னைப் பற்றி நான் பட்ட பெருமையெல்லாம் சேர்ந்தாலும், உன்னைப் பற்றி இந்த இரண்டு நாளில் படும் பெருமைக்கு ஈடாகாது. உனக்குத் தெரிந்த காரியம் இல்லை என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிடு.

இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். லாரியை உன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேப்டன் துரையே சாட்சி. அண்ணனிடம் காட்டவேண்டியதில்லை, நேரே வண்டிப் பதிவு ஆபீசில் கொடு.

டிசம்பர் முதல் வாரம் மதராஸில் இறங்குவேன். தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு லாரியை அனுப்பாதே, சரக்கு இருந்தால் அது போகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறேன். வழியில் யாராவது நிறுத்தி, "ஏலே, யாரு இது, ஜேசுபாதத்துத் தம்பியா?" என்று கேட்டால், இல்லை அண்ணாச்சி, கிருபை டீச்சர் லாரிக்குப் புதிதாக வந்திருக்கும் பிட்டர் என்று சொல்வேன்.

உன்,
வெள்ளத்துரை